பிரான்சுக்கு ஒரே ஓர் இடம்

கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு, தேர்வு முடிவைப் பலகையில் ஒட்டும்வரை ஊரெல்லாம் மாமன் மச்சான். ஒட்டிய மறுநாள் தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்காது. பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டுத் தான் மட்டும் கடலூரைத் தாண்டாத என் சக குமாஸ்தாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் போய், புதுச்சேரியில் நம்மவர் ஆட்சி வந்த புதிது அது.

வெயில்

எங்கள் மேலதிகாரி அருளாந்து, பிரெஞ்சு ஆட்சியில் வேலைக்கு வந்தவர். 'சார்' என்றால் திரும்பமாட்டார். 'மொசியே' என்றால்தான் திரும்புவார். மதியம் பன்னிரண்டு அடித்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவார். சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் முடித்து மூன்று மணிக்கு மணக்க மணக்கத் திரும்புவார். நாங்களும் அப்படித்தான். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த புது மேற்பார்வையாளர், உச்சி வெயிலில் பஸ்ஸை விட்டிறங்கி, பூட்டின கதவுக்கு முன்னால் மூன்று மணிவரை நின்றிருக்கிறார். மொசியே வந்ததும், "ஆட்சி மாறினது இங்கே யாருக்கும் தெரியாதா?" என்று கத்தினார். மொசியே நிதானமாகச் சாவியைத் திருப்பினார். "ஆட்சிதான் மாறிச்சு, வெயில் மாறலியே."

காக்கா

பிரான்சுக்குப் போய்ப் படிக்க அந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான். படிப்பு மட்டும் போதாது. ஊருக்குச் சேவை செய்திருக்க வேண்டும், தலைமைப் பண்பும் இருக்க வேண்டும். சேவையை நேரில் பார்த்து எழுதுவது என் வேலை. பெரும்பாலான பிள்ளைகள் என் சைக்கிளைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். நான் பார்க்கக் குழி வெட்டி, போனதும் மூடிவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

வைத்திக்குப்பத்துப் பவுனு வேறு ரகம். மீன் விற்கிற கன்னியம்மாவின் மகள். அக்கா தலைப்பிரசவத்தில் செத்துப்போன நாள் முதல், பிரசவ வைத்தியம் படித்தே தீருவேன் என்று நின்ற பெண். மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற பெண்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் கருவாடு காயவைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டுவார்கள். நான் கைகட்டி நிற்பதைக் கன்னியம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "அய்யா, பாடம் கேக்கறதுன்னா ஒக்காருங்க. சும்மா நிக்கறதுன்னா காக்காவ ஓட்டுங்க."

தலைமைக்கு வந்தவர்

நேர்காணலன்று பவுனுவைக் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டியும் நரைத்த மீசையுமாக ஒரு பெரியவர் உள்ளே வந்து, தேர்வுக் குழுவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பவுனு பின்னால் தலைகுனிந்து நின்றாள். வந்தவர் குப்பத்து நாட்டார், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். எந்த ஆபீசானாலும் குப்பத்துக்காக அவர்தான் பேசுவார். அவர் எதிரில் மற்றவர் முந்திப் பேசினால் அது ஊர்க்குற்றம். தலைமைப் பண்பை நேரில் பரிசோதிப்போம் என்று நாங்கள் சொல்லியனுப்பியிருந்தோம். ஊர் கூடி, அதற்குத் தகுந்த ஆளை அனுப்பிவிட்டது.

மொசியே பக்கத்தில் இருந்த கல்லூரிப் பேராசிரியர், "பெரியவரே, பரீட்சை அந்தப் பெண்ணுக்கு" என்றார். நாட்டாருக்குக் கோபம் வரவில்லை. "படிப்புக்கு அது வந்திருக்கு. தலைமைக்கு நான் வந்திருக்கேன். கேளுங்க."

வராந்தா

சிரிப்பை அடக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. பேராசிரியர் பவுனுவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் உதடு துடித்ததே தவிர, சத்தம் வரவில்லை. பேசினால் ஊரில் தலைநிமிர முடியாது. பேசாவிட்டால் இடம் போய்விடும். பேராசிரியர் பேனாவை மூடி, அடுத்த ஆளைக் கூப்பிடும்படி எனக்குச் சைகை காட்டினார். நான் பட்டியலைப் புரட்டுவதுபோல நேரம் கடத்தினேன்.

மொசியேதான் மெல்லச் சொன்னார், "நாட்டாரே, பிரான்சுல அது தனியாத்தான் பேசணும்." நாட்டார் பவுனுவை ஒருதரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபித்துக்கொண்டு பெண்ணையும் அழைத்துப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. வராந்தாவில் கால் வைத்தவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "கதவச் சாத்திக்கோ தம்பி. நான் இல்லாத எடத்துல அது பேசினா குத்தமில்ல."

ரயிலடி

பவுனு பேசினாள். போதும் என்று பேராசிரியர் கையைத் தூக்கும்வரை பேசினாள். இடமும் அவளுக்கே கிடைத்தது. பம்பாய் போய்க் கப்பலேற அவள் புறப்பட்ட மதியம், குப்பமே ஸ்டேஷனில் நின்றது. ரயில் பெட்டி முழுக்கக் கருவாட்டு வாசனை. மொசியே தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. வண்டி நகர்ந்ததும் கன்னியம்மா ஜன்னலோடு ஓடிக்கொண்டே கத்தினாள். "அங்க நாட்டார் இல்லடி, வாய மூடிக்கினு இருக்காத!"

தலைமைப் பண்புக்கு மதிப்பெண் போட எங்கள் படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். நேரம் பார்த்து எழுந்து வெளியே போகத் தெரிந்தவருக்குத்தான் ஒரு கட்டமும் இல்லை.