ரங்கூன்காரர் திறந்த அறை

எங்கள் பெரியப்பா யாரையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். கோயிலில் தருகிற விபூதியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். மழை பெய்தால்கூட, "இப்ப எதுக்குப் பெய்யுது?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பார். அருப்புக்கோட்டைப் பக்கம் மழை அபூர்வம் என்பதால் அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்தக் குணத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. இன்றைக்கும் யாராவது சும்மா ஒரு பொருளை நீட்டினால், கை நீள்வதற்கு முன்னால் எனக்குக் கண் சுருங்கிவிடும்.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் ரங்கூன்காரர் வந்து நின்றார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். வெளுத்த தாடி, தலையில் ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தொப்பி, காலில் ஆறாத புண். என் அப்பா ரங்கூனில் அவருடைய துணிக்கடையில்தான் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு மலையும் காடுமாக நடந்தது. அப்பாவும் அவரும் அவர் மனைவியும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். வழியில் காய்ச்சல் வந்து முதலில் அந்த அம்மாள் போனார், பிறகு அப்பா போனார். அவர் ஒருவர்தான் மிஞ்சினார். "ஒங்க தம்பிய நானே குழி வெட்டிப் பொதைச்சேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். பெரியப்பாவும் அழுதார். ஆனால் அழுது முடித்த கையோடு, ரங்கூனிலிருந்து ஒருவன் இதைச் சொல்வதற்காகவா இவ்வளவு தூரம் வருவான் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சொல்லிவிட்டுப் போகிறேன் என்றவர் போகவும் இல்லை. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த நூல் கிடங்கை ஒட்டி ஒரு ஓலைச் சாய்ப்பில் தங்கிக்கொண்டார்.

சந்தேகப்பட அவரிடம் எல்லாமே இருந்தது. முதலாவது, அவர் பேசிய தமிழ். அப்பாவிடமும் கடையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களிடமும் கற்றது என்பதால் 'வாரேன், போறேன்' என்று அச்சு அசலாக எங்களைப் போலவே பேசினார். வேவு பார்க்க வந்தவனுக்குத்தான் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றார் பெரியப்பா. என்ன சாதி என்று கேட்டால் யூதர் என்றார். தெருவில் யாருக்கும் அது விளங்கவில்லை. மிஷன் பள்ளி வாத்தியார், பைபிளில் வருகிற சனங்கள் என்றார். கருப்பட்டி வியாபாரம் செய்த ராவுத்தர், தங்கள் வேதத்திலும் அவர்கள் உண்டு என்றார். இரண்டு வேதத்தில் இருப்பவனுக்கு இந்தப் பொட்டல் காட்டில் என்ன வேலை என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது.

வெள்ளிக்கிழமை பொழுது அடையும் முன் இரண்டு விளக்கு ஏற்றி வைப்பார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் ஆம்பிளை ஏற்றுவது புதிது. அந்த வேலையைச் செய்துவந்தவள் மலைக்காட்டில் கிடக்கிறாள் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார், ஒரு துரும்பைக் கிள்ளிப்போடமாட்டார். அந்த இரண்டு விளக்கும் ஜப்பான் ஏரோப்ளேனுக்கு அடையாளம் என்றார் பெரியப்பா. ஜப்பான்காரன் எங்கள் தெருவில் வந்து எதை எடுப்பான் என்று யாரும் கேட்கவில்லை. தறியெல்லாம் நூல் இல்லாமல் நின்று மாதக்கணக்காகியிருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம், அவர் சிரித்தார் என்பதுதான். பெண்டாட்டியை, கடையை, ஊரை எல்லாம் தொலைத்தவன் எப்படிச் சிரிப்பான்? ஒருநாள் அம்மாவே அதைக் கேட்டுவிட்டாள். அவர் தெருவில் நின்றார், அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள், நான் நடுவில் படியில் உட்கார்ந்து இருவரையும் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

"ரங்கூன்ல எங்க சனத்துக்கு நான்தான் தலைவர் தாயி. அரிசி இல்லாதவுக, பொணம் எடுக்க ஆளில்லாதவுக எல்லாரும் என் வாசலுக்குத்தான் வருவாக. இப்ப அந்தச் சனமும் இல்ல, வாசலும் இல்ல. சும்மா உக்காந்தா அவ நெனப்பு வந்து நெஞ்ச அடைக்குது. எந்திரிச்சு நாலு பேருக்கு ஒரு மூட்டை தூக்கினா, கொஞ்சம் மூச்சு விட வழி கெடைக்குது" என்றார். அப்பா போன பிறகு அம்மா அன்றுதான் முதல்முறையாக நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றாள்.

சொன்னது போலவே தூக்கவும் செய்தார். புண்காலோடு பாலவனத்தம் வரைக்கும், மல்லாங்கிணறு வரைக்கும் நடந்து, வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் கம்பும் சோளமும் கேட்டு வாங்கிவந்தார். ராவுத்தர் இரண்டு மூட்டை கொடுத்தார். அப்போது சந்தைப்பேட்டையில் கஞ்சித்தொட்டி திறந்திருந்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் பசி எவ்வளவு இருந்ததோ அதைவிட மானம் அதிகம் இருந்தது. சட்டியை ஏந்தி வரிசையில் நின்றதை ஒருவர் பார்த்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். வெறும் வயிற்றோடு வாயில் வெற்றிலையைப் போட்டுச் சிவக்க வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயிற்று என்று காட்டிக்கொண்ட தெரு அது.

அதைப் புரிந்துகொண்டுதான் அவர் நூல் கிடங்கைத் திறந்தார். ஜன்னல் இல்லாத இருட்டறை. நடுவில் ஒரு பெரிய மரத்தொட்டி, அதில் கம்பும் சோளமுமாகத் தவசம், அள்ளுவதற்குக் கைப்பிடி போட்ட ஒரு தேங்காய்ச் சிரட்டை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருவில் உலை வைக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், இருந்தவரானாலும் இல்லாதவரானாலும், மூடிய பையோடு தனியாக உள்ளே போக வேண்டும். இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் அள்ளலாம். எது செய்தார் என்று யாரும் கேட்கக் கூடாது. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். முன்னொரு காலத்தில் யூதர்களுடைய பெரிய கோயில் இருந்தபோது இப்படி ஒரு அறை இருந்ததாம். கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே வாசலில் போய் வருவார்களாம்.

தெரு அதை ஏற்றுக்கொண்டது, பெரியப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. கதவை மூடிக்கொண்டு செய்கிற காரியத்தில் யோக்கியம் ஏது? வசதியானவனும் அள்ளினால் யாருக்குத் தெரியும்? யார் யார் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களைத் தெருக்கூட்டத்தில் நிறுத்தி, அறையையும் இழுத்து மூடிவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் சிவப்புச் சாயப்பொடி மிச்சமிருந்தது. யுத்த காலத்தில் தங்கம் மாதிரி அது. பாவு நூலுக்குப் போட ஒரு சிட்டிகை கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று கையை விரித்தவர், அதில் ஒரு பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். போடுகிறவன் பையைக் கவிழ்ப்பான், எடுக்கிறவன்தான் சிரட்டையைத் தொடுவான், அதன் கைப்பிடியில் பொடியைத் தேய்த்துவிட வேண்டியது. வியர்த்த கையில் பொடி பட்டால் போதும், ஒரு வாரத்துக்குப் போகாது. இதை என்னிடம் மட்டும் சொன்னார். சந்தேகம் அந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் பெரியப்பாவே உள்ளே போனார். திரும்பி வந்து, வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் தெருவின் திருடர்களெல்லாம் கையும் களவுமாக வெளியே வரப்போகிறார்கள்.

இரண்டாவதாகப் போனது என் அம்மா. அப்பா போன பிறகு பெரியப்பா எங்களுக்கு ஓர் அறையை ஒதுக்கித் தனி உலை வைக்கச் சொல்லியிருந்தார், அதனால் எங்களுடையதும் ஒரு வீடு என்ற கணக்கு. முந்தானைக்குள் பையை வைத்துக்கொண்டு உள்ளே போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். இரண்டு கையும் பளிச்சென்று இருந்தன. பார்த்தீர்களா என்பது போல நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

ஆனால் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. யாரோடும் தெருவில் நின்று பேசாதவள், நேரே ரங்கூன்காரரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் தலை நிமிர்ந்து, அம்மாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து அறைக்குள் போனார். வெளியே வந்தபோது அவருடைய வலது உள்ளங்கை ரத்தம் போலச் சிவந்திருந்தது. அதைத் தெரு முழுக்கத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"சிரட்டையில யாரோ சாயம் வச்சிருக்காக. நல்ல சாயம். இன்னைக்கு உள்ள போற எல்லாரும் அதத் தொட்டுட்டு வாங்க. போட வந்தவுகளும் தொடுங்க, அள்ள வந்தவுகளும் தொடுங்க" என்றார்.

இருபது தறி வைத்திருந்த முதலாளி வீட்டம்மா, காதில் பாம்படம் ஆட, முதலில் போனார். சிவந்த கையோடு வந்தார். அடுத்து வாத்தியார் போனார். தவசத்துக்கு அவசியமே இல்லாதவர்கள், அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே கை. எனக்கு ஒரே குழப்பம். திருடர்களைப் பிடிக்க வந்தால் ஊரே திருடர்களாக இருக்கிறதே, இந்த மனிதர் தலைமைத் திருடராக இருக்கிறாரே என்று தலை சுற்றியது.

கடைசியில் ரங்கூன்காரர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பெரியவர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடாமல் இருக்க முடியுமா? தெருவே கும்பிட்டது. பெரியப்பாவும் துண்டிலிருந்து கையை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. பொடியைத் தேய்த்த கை அல்லவா, தெருவிலேயே அதிகம் சிவந்திருந்தது அதுதான். முதலாளி வீட்டம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன்பின் ரங்கூன்காரர் அம்மாவிடம், "தாயி, நீ இன்னும் சிரட்டையத் தொடலையே. போயிட்டு வா" என்றார். அம்மா மறுபடி போனாள். இந்த முறை வெளியே வர நேரமானது.

அறையைப் பெரியப்பாவால் மூட முடியவில்லை. யுத்தம் முடிந்து, சிதறிப்போன தன் சனங்கள் கல்கத்தாவில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ரங்கூன்காரர் கிளம்புகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அது திறந்தது. ரயில் ஏறுகிற அன்றைக்கும் பெரியப்பா அவர் மூட்டையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

சாயம் வைத்த அந்தச் சாயங்காலம் எங்கள் அறையில் கம்மங்கூழ் கெட்டியாக இருந்தது. அம்மா இரண்டாவது முறையும் ஊற்றினாள். முதல் தடவை கறைபடாமல் வெளியே வந்த ஒரே ஆள் என் அம்மாதான் என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பெருமை பேசிவிட்டு வந்திருந்தேன். அம்மா பாளையம்பட்டியில் சாயம் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவள், இருட்டிலும் அந்த வாடை அவளுக்குத் தெரியும் என்று எனக்கே தெரியும். ஆனால் சிரட்டையை எடுக்கக் குனிந்தவளுக்குத்தான் அந்த வாடை தெரியும் என்று தோன்றவில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்திருந்தால் அவளை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தனக்குப் பின்னால் வருகிறவர்கள் பிடிபடக் கூடாது என்று, தான் அள்ள வந்தவள் என்பதைத் தன் வாயால் ஒரு மனிதரிடம் போய்ச் சொன்னாள். எல்லோரையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, கூழ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சந்தேகம் வரவில்லை.