டெட் சென்டரில் அத்தை

கண்டியை ஒட்டிய மஹய்யாவையில் பிறந்த பிள்ளைக்கு ஏ, பி, சி வருவதற்கு முன்பே ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்துவிடும்: டெட் பொடி. மயானத்துக்குப் போகிற பாதை எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போனது. மேளச் சத்தம் கேட்டதுமே, "டெட் பொடி வருது, உள்ள வாடி!" என்று அம்மா கத்துவாள். ஆகவே, 'டெட்' என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த அறிவோடுதான் ஒருநாள் கண்டி டவுனுக்குப் போட்டோ பிடிக்கப் போனேன். போட்டோ எனக்கல்ல. அப்பா, சித்தப்பா, அவர்களுடைய ஒரே அக்காவான எங்கள் அத்தை, இந்த மூன்று பேருக்கும். அத்தை புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அடேயப்பா, அவள் பொம்பளையா! கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை குறைத்துச் சொன்னால், தராசைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டாளாம். பஸ் கண்டக்டர் சத்தம் போட்டால், அவனுக்கு மேலே இவள் சத்தம் போடுவாள். எனக்கு அவள் என்றால் உயிர்.

கழுத்தில் டை கட்டிய போட்டோக்காரர் அத்தையைக் கதிரையில் உட்கார வைத்து, தம்பிமார் இருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார். கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பார்த்துவிட்டு, அத்தையை நோக்கி விரலை நீட்டி, "டெட் சென்டர்!" என்றார்.

மூன்று பேராகப் போட்டோ பிடித்தால் நடுவில் இருக்கிறவர் செத்துப்போவார் என்பது எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இந்த மனுஷன் அதை வாய்விட்டே சொல்கிறாரே!

"எந்திரிங்க அத்தை! செத்துப் போயிருவீங்க! அவரே சொல்றாரு!" என்று ஓவென்று அழுதேன்.

"வாய மூடு, சனியனே" என்றார் அப்பா. சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பயம் அவருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். அத்தை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"மூணு பேருன்னாத்தானே சாவு? இங்கிட்டு வாடி என் ராசாத்தி" என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப நாலு பேரு. எமன் எண்ணிப் பாத்துட்டு வந்த வழியே போகட்டும்."

டெட் சென்டர் என்றால் இம்மி பிசகாத நடு என்பது, பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நாம் நட்டநடு என்கிறோம். சிங்களவர் ஹரி மெத என்கிறார்கள். இங்கிலீஷ்காரன் மட்டும் நடுவில் ஒரு பிணத்தைக் கிடத்தியிருக்கிறான், கட்டையில் போக!

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தையை நான் காப்பாற்றிவிட்டேன் என்பதுதான். பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அத்தையை ஏற்றிவிடப் போனபோது அப்பாவும் சித்தப்பாவும், அத்தனை பெரிய ஆம்பளைகள், தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"அதான் அத்தை சாக மாட்டாங்கல்ல, இன்னும் ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டேன்.

"புள்ள கேக்குதுல்ல? கண்ணத் தொடைங்கடா ரெண்டு பேரும்" என்று தம்பிமாரை அதட்டிவிட்டு, அத்தை சிரித்தபடியே பஸ் ஏறினாள். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, அடுத்த கிழமை தலைமன்னாரில் அவளை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள், இனி அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை, சந்தோஷமாகக் கைகாட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.