கலப்பில்லாத மந்தை

ஊரில், இலங்கையில், சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடக்கிறது. இங்கே மெல்பேர்ண் நோபல் பார்க்கில் போன ஞாயிறு கலியாணப் பேச்சு. இரண்டில் எது சிக்கல் கூடியது என்று கேட்டால்... யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இரு பகுதிக்கும் பொதுவான ஆளாக என்னையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிவநாதன் அண்ணையின் மகனும் சாந்தாவின் மகளும் யூனிவர்சிட்டியில் படித்த காலத்திலிருந்தே விரும்புகிறவர்கள். பெரியவர்கள் தலையாட்டினால் போதும். ஆனால் நம் ஆட்கள் சும்மா தலையாட்டுவார்களா?

சாந்தாவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நாட்டுச் செம்மறிகளின் தாய்வழியை மரபணுவை வைத்துத் தேடுகிறார்.

“ஆட்டுக்கும் சாதகக் குறிப்புப் பாக்கினமோ?” என்று அண்ணை சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சாந்தா பொறுமையாக விளக்கினார். “தாயிட்ட இருந்து மட்டும் வாற மரபணு ஒண்டு இருக்கு, அண்ணை. கிடாய்க்குட்டியிலயும் தாயின்ரதான் இருக்கும். ஒரே இனம் எண்டு சொல்லுற மந்தைக்குள்ளயும் பல தாய்வழி வரும். அது நல்லதுதான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா, ஒரு நோய் வந்தாலே மந்தை முழுக்கப் போயிடும்.”

தேநீர் வந்தது. அண்ணை மெல்லக் கேட்டார் — “உங்கட அம்மா பகுதி... என்ன ஆக்கள்?”

மெல்பேர்ண் வந்து இருபது வருடம். பாஸ்போர்ட்கூட மாறிவிட்டது. சாதியைத் துருவும் இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

“அம்மா மலையகம், பதுளை. தேயிலைத் தோட்டத்தில கொழுந்து பறிச்சவ.” சாந்தாவின் குரலில் நடுக்கமில்லை.

அண்ணை கோப்பையை வைத்தார். “எங்கட பரம்பரை கலப்பில்லாதது. குறை நினைக்காதேங்கோ... இது சரிவராது.”

“டாட், ப்ளீஸ்!” மகன் எழுந்தே விட்டான்.

அப்போதுதான் சமையலை விட்டுக் குசினி வாசலில் நின்ற அண்ணையின் மனைவி மலர் அக்கா முன்னே வந்தார்.

“சாந்தா, அப்ப என்ர மகனிட்ட இருக்கிற அந்த மரபணுவும் என்ர அம்மான்ரதானோ?”

“ஓம் அக்கா.”

“என்ர அம்மா சிங்கள மனுசி. குருநாகல். இவருக்குத் தெரியும். கட்டின நாளிலயிருந்து ஒருத்தருக்கும் சொல்லவிடேல்ல.”

அண்ணை தரையைப் பார்த்தார். அக்கா அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. பெற்ற தாயை இத்தனை காலம் ஒளித்து வைத்திருப்பது என்றால் சும்மாவா?

“சாந்தா, நல்ல நாளாப் பாருங்கோ” என்றார் அக்கா. அண்ணை மெல்லத் தலையாட்டினார்.

செம்மறிகளுக்குக் கலியாணம் பேச ஆளில்லை — அதனால்தான் இத்தனை காலம் தப்பியிருக்கின்றன போலும்.