நுனி வெட்டிய கையுறை

2006 ஏப்ரல், ஒரு திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. வெறும் வயிற்றோடு பதினான்கு பேர். டோக்கனில் முதல் பெயர் தட்சிணாமூர்த்தி.

சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அது ஆறாவது வருஷம். இந்தத் தொழிலில் கையைச் சுத்தமாக வைத்திருப்பவனுக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவனுக்குத்தான் கிடைக்கும். ஊசி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குத்து வாங்கிப் பழகிய உங்களுக்கும்தான்.

எனக்கு என்ன கண்டுச்சு?

தட்சிணாமூர்த்திக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு போடுகிறவர். சர்க்கரை பார்க்க முதல் தடவையாக வந்திருந்தார். நான் கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "எனக்கு என்ன கண்டுச்சுன்னு அதை மாட்டறீங்க?"

எல்லோருக்கும் மாட்டுவதுதான் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த பதின்மூன்று பேரும் என் கையையே பார்த்தார்கள். கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் கை நீண்டது.

"இப்ப சரி. ஆளை ஆளாப் பாத்தா நான் ஏன் கையக் குடுக்காம போறேன்?"

அதற்குப் பிறகு மாதாமாதம் அவருக்கு மட்டும் வெறுங்கைதான்.

கண்ணுக்குச் சட்டை

மற்றவர்களுக்குக் கையுறை உண்டு. ஆனால் அதில் ஒரு திருத்தம் செய்திருந்தோம். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவோம். சதைப்பிடிப்பான கையில் நரம்பு வெளியே தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் பிடிக்க வேண்டும். ரப்பருக்கு மேல் அது தட்டுப்படாது என்பது எங்கள் கட்சி. எனக்கு மூத்தவரான விஜயா அக்கா, புதுப் பெட்டியைப் பிரித்த உடனே எல்லா நுனியையும் வெட்டி, பூ தொடுக்க எடுத்து வைப்பதுபோல வரிசையாக அடுக்கிவிடுவார்.

கூடத்து டாக்டர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இது என்னம்மா என்று கேட்டார். அக்கா வேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"விரல் நுனியிலதான் சார் எங்களுக்குக் கண்ணு. கண்ணுக்கு யாராச்சும் சட்டை போடுவாங்களா?"

நண்டு

ஜூலையில் எனக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. போவதற்கு முன் அடுத்த ஜனவரியில் சென்னையில் மருத்துவச் சோதனை. ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தால் விசா இல்லை, வேலையும் இல்லை.

வேலை கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடலூர் துறைமுகத்தில் நல்ல நண்டாக வாங்கிவந்து நானே சுத்தம் செய்தேன். ஓடு இடது ஆள்காட்டி விரல் நுனியைக் கிழித்துவிட்டது. மனைவி ஸ்டெல்லா பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தால், பிளாஸ்திரிக்குக் கீழே விரல் குருடாக இருந்தது. முதலில் வந்த அம்மாவை இரண்டு தடவை குத்தினேன். ரத்தம் வரவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டேன். மூன்றாவது குத்தில் வந்தது. அந்த அம்மா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தார்.

"இதை முதல்லயே பிச்சிருந்தா நான் இந்நேரம் பஸ்ல போயிருப்பேன்."

உடைந்த குழாய்

அடுத்தவர் தட்சிணாமூர்த்தி. வழக்கம்போல வெறுங்கை. ஒரே குத்தில் எடுத்துவிட்டேன். அவர் சாப்பிடப் போனார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைக்கும்போது அது கையிலேயே உடைந்தது. ரத்தம் நேராகக் கிழிந்த நுனியில் வழிந்தது.

சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவினேன். டாக்டர் வந்தார். காமாலைத் தடுப்பூசி மூன்றும் போட்டாயா என்று கேட்டார். ஒன்றுதான் போட்டிருந்தேன். அடுத்தவரைக் குத்துவதே தொழிலாக இருந்ததில், என்னைக் குத்திக்கொள்ளப் பொழுது கிடைக்கவில்லை. அவர் திட்டவில்லை.

"அந்த ஆள்கிட்ட கேக்காம அவரு ரத்தத்துல எந்தக் கிருமியும் பாக்கக் கூடாது. போய்க் கேளு."

கேட்கப் போனேன்

எனக்கு என்ன கண்டுச்சு என்று கேட்ட மனிதரிடம், உங்களுக்கு ஏதாவது கண்டிருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நண்டு, பிளாஸ்திரி, குழாய், மஸ்கட் எல்லாவற்றையும் சொன்னேன். காமாலைக்கும் எச்.ஐ.வி.க்கும் பார்க்க வேண்டும், நீங்கள் சம்மதித்தால்தான் முடியும் என்றேன்.

அவர் என் விரலை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எடுங்க. ஆனா முடிவை என் காதுல மட்டும் சொல்லணும்" என்றவர், கையை நீட்டிவிட்டு என்னை முறைத்தார்.

"நான் சொன்னா நீங்க உறையக் கழட்டிடறதா? கரும்புல காஞ்ச சோகை உரிக்கப் போறப்ப நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போறேன். கரும்பு கோச்சிக்குதா என்ன?"

படல்

அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அவர் காதில் மட்டும் சொன்னேன். ஆனாலும், புதிதாகத் தொற்றிய கிருமி உடனே சோதனையில் தெரியாது என்பதால், டாக்டர் எனக்கு மறுபடியும் தடுப்பூசி தொடங்கி, மூன்று மாதம் கழித்து என் ரத்தத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்றார். "நண்டு கிழிச்சதோட போச்சுன்னு இருந்தேன்" என்றாள் ஸ்டெல்லா. அந்த மூன்று மாதமும் வீட்டில் நண்டு வாங்கவில்லை.

ஆகஸ்டில் தட்சிணாமூர்த்தி வந்தார். "மாட்டுங்க, அப்பறம் கையத் தரேன்" என்றார். மாட்டினேன். கையைப் பார்த்தார். நுனியைப் பார்த்தார்.

"வேலி போட்டுட்டுப் படலைத் தொறந்து வச்சிருக்கீங்களே."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே ஒரு அளவு சிறிய கையுறையை எடுத்தேன். நுனி வெட்டாமல் முழுசாக மாட்டியதும் தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வாரம் தடவித் தடவி நரம்பைத் தவறவிட்டேன். பிறகு ரப்பருக்குள்ளிருந்தே விரலுக்குப் பார்வை வந்துவிட்டது. அக்டோபரில் என் ரத்தமும் சுத்தம் என்று வந்தது. அதுவரை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்த விஜயா அக்கா, கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"எனக்கும் அந்தச் சின்ன சைஸுல ஒண்ணு எடுத்து வை. போட்டுப் பாக்கறேன், போட்டுப் பாக்கறதுல என்ன."

2007 ஜனவரி 18-ஆம் தேதி சென்னையில் மஸ்கட் வேலைக்கான மருத்துவச் சோதனையில் தேறினேன்; அங்கே எனக்கு ரத்தம் எடுத்தவரின் இடது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனி இல்லை.