போன வருசத்துத் தாள்

சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் மிஷின் ஓட்டும் ஒருவரைச் சந்தித்தேன். ஒவ்வொரு மாநிலத்து ஆர்டரிலும் முதல் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவார். மை படிந்த விரலால் பத்து மொழித் தாள்களையும் உற்சாகமாகக் காட்டினார்.

“எல்லாம் வாசிப்பீகளா அண்ணாச்சி?”

“தமிழ் மட்டுந்தான் தம்பி. ஆனா பாருங்க, யாரு பண்டிகையா இருந்தாலும் ஒரே செவப்பு மைதான். இம்புட்டு ஊரும் இந்த ஒரு மிஷின்ல இருந்துதான் கெளம்புது.”

ஒரு தாள் மட்டும் பழையதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“இந்த வருசம் அங்கன ஆர்டர் குடுத்தவக, அவுக மதம் போக மத்த மதத்துப் பண்டிகைய எல்லாம் கருப்புல அடிக்கச் சொல்லிட்டாக. அடிச்சுக் குடுத்துட்டேன். ஒட்ட மனசு வரல. அந்த ஊரு போன வருசத்துலயே நிக்கட்டும்.”

புதுக் காலண்டர் மாட்டும்போதெல்லாம், அந்தத் தாளை அவர் மாற்றியிருப்பாரா என்று நினைத்துக்கொள்கிறேன்.