எல்லம்மா வாங்கிய இசப்கோல்

ஒரே வாரத்தில் மூன்றாவது டப்பா இசப்கோல் கேட்டு எல்லம்மா என் மருந்துக்கடைக்கு வந்தபோது எனக்குப் பயமே வந்துவிட்டது. மலச்சிக்கலுக்கு ஒரு ஸ்பூன் போதும். இவள் போகும் வேகத்துக்கு யானைக்கே பேதியாகும்.

"இன்னாம்மா, வயிறு அவ்ளோ மோசமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"என் வயிறு கல்லத் தின்னாலும் கரைக்கும்ணா. இது கைக்கு," என்றாள், கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

எங்கள் சுண்ணாம்புக்குளம் ஊரில் எல்லம்மாவைத் தெரியாதவர் இல்லை. கடலை ஒட்டிய உப்பு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். பிடித்ததை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவாள். பறியைக் கவ்வியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் அவள் வாய்க்கு ஓய்வு. இருபத்தைந்து வருடமாக உப்புத் தண்ணீரும் கிளிஞ்சலும் அறுத்ததில் விரல்களில் ரேகையே மிச்சமில்லை.

அதுதான் வம்பாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் ரேஷன் கடை மெஷினில் ரேகை பதியாவிட்டால் கார்டில் பேர் இருக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லம்மா பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். பத்துக்கும் மெஷின் 'பீப்' என்று கத்தியது. கடைக்காரர் வேதாசலம்தான் என்ன செய்வார், பாவம்.

"நான் நானில்லையாம்ணா. அந்தப் பொட்டி சொல்லுது," என்றாள் என்னிடம். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

யோசனை சொன்னது அவள் மகள் ஜமுனா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் முகத்துக்குப் பூசும் ஜெல் தயாரிக்கும் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. "டப்பா மேல பூ படம் போட்டிருக்கும்மா. உள்ள நம்ம இசப்கோல் உமி. தண்ணில ஊறுனா கொழகொழனு ஆயிடும். பூசிக்கினா ஈரம் போவாது, தோலு மெத்துனு ஆனா ரேகை தெரியும்," என்றாளாம்.

எல்லம்மாவுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒரு சட்டி நிறைய ஊறவைத்து, முழங்கை வரை பூசிக்கொண்டு, அந்தக் கையோடே ஏரியில் இறங்கிவிட்டாள். கைக்குள் வந்த இறாலெல்லாம் நழுவி ஓடின. கூட இறங்கிய பெண்கள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்களாம். மறுநாள் ஊறிப்போயிருந்த விரல்களில் இறால் கொம்பு ஏறி ரத்தம் வேறு. ரேகையைப் பார்த்தால் பிழைப்பு இல்லை, பிழைப்பைப் பார்த்தால் ரேகை இல்லை.

அப்புறம்தான் என்னிடம் வந்து ஒரு ரப்பர் கையுறை கேட்டாள். கொடுத்தேன். என் கத்தரிக்கோலையே வாங்கி, கையுறையின் கட்டைவிரலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி நீட்டினாள்.

"ஒரு விரல் போதும்ணா. ஒம்போது விரலு ஏரிக்கு, ஒண்ணு ரேஷனுக்கு."

நாலு விரல் கையுறையை எந்தக் கிறுக்கன் வாங்குவான்? சண்டை போட்டுப் பார்த்தேன். எல்லம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் ஊரில் இல்லை.

இரண்டு வாரம் அந்தக் கட்டைவிரல் இசப்கோல் பூசிக்கொண்டு, ரப்பர் தொப்பி போட்டு, நூல் கட்டி, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா இருந்தது. மற்ற ஒன்பதும் சேற்றில் உழைத்தன.

கடைசி நாளன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். வேதாசலம் மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தார். எல்லம்மா நூலை அவிழ்த்து, விரலை முந்தானையில் ஒற்றி மெஷினில் வைத்தாள்.

பீப்.

அவள் விரலை ஒருமுறை ஊதிவிட்டு மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவள் பெயர் வந்தது.

"பாத்துக்கோ, நான்தான்," என்றாள் மெஷினிடம். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. கையுறை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கட்டைவிரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"லீவு முடிஞ்சிச்சு. நாளிக்கு வேலைக்கு வந்து சேரு."