ஸ்டேபிள் என்றால் என்னவென்று கேட்டவர்

சிவாஜிநகரில் பேருந்தைவிட்டு இறங்கி மருத்துவமனைக்கு நடந்துகொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணன் அழைத்தார். பிலோமினா அக்காவின் கணவர். “குமாரு, காலைல ஆறு மணிக்குப் போயிட்டாப்பா. தூக்கத்துலயே. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் நீயே சொல்லிடு” என்றார். துணிக்கடைகள் திறந்துகொண்டிருந்த தெருவில் ஓரமாக நடந்து போய் எல்லோரிடமும் சொன்னேன். எங்களோடு வேலை செய்தவர்களுக்கும், என்றாவது அக்காவின் மேசைக்கு முன் கவலையோடு நின்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அக்கா கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். திருமணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்தார். பதினெட்டு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்த விசாரணை மேசை அவருடையது. பக்கத்து அறையில் டிஸ்சார்ஜ் அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவன் நான். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் அவரால் ஒருவரை உட்காரவைத்துப் பேச முடியும்.

அல்சூரிலிருந்து ஒரு பிளம்பர் வந்திருந்தார். மனைவிக்கு மூளையில் ரத்தக் கசிவு. மூன்றாம் நாள் இளம் மருத்துவர் ஒருவர் வெளியே வந்து, “ஸ்டேபிளா இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பிளம்பர் மேசைக்கு வந்து கேட்டபோது அக்காவும் அதே சொல்லையே சொன்னார். தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்ட அவர், வாசலிலேயே காத்திருந்த மாமியாரை, “பயமில்ல அத்தை, ஊருக்குப் போய்ப் பசங்களைப் பாருங்க” என்று ஆம்பூருக்கு ரயிலேற்றிவிட்டார். அன்று மாலையே மனைவி இறந்துபோனார். மறுநாள் திரும்பி வந்த அந்தத் தாய், சத்தம் போடாமல் அக்காவிடம் கேட்டார்: “நல்லா இருக்கான்னுதானேம்மா சொன்னீங்க?”

அன்று அக்கா மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. “நான் சொன்னது இங்கிலீஷு குமாரு. அந்தம்மா கேட்டுக்கிட்டது தமிழு” என்றார்.

அடுத்த நாள் காலை அந்த மருத்துவரை மேசையருகே நிறுத்தினார். “சார், ஸ்டேபிள்னா என்ன சார்?”

“நேத்து இருந்த மாதிரியே இருக்காங்கன்னு அர்த்தம்.”

“நேத்து உயிருக்குப் போராடினவங்க இன்னைக்கும் அப்படியே போராடினா, அதுவும் ஸ்டேபிளா?”

“ஆமா.”

“அப்ப அதைத்தான் சார் சொல்லணும்.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து குடும்பத்தாரிடம் பேசுவதற்கு முன் அக்காவின் மேசைக்கு வந்து, “இதை எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்கத் தொடங்கினார். மற்ற மருத்துவர்களும் மெல்ல மெல்ல அந்தப் பழக்கத்துக்கு வந்தார்கள்.

ஒருமுறை நான் அகராதியைப் பார்த்து, ஸ்டேபிளுக்குக் குதிரை லாயம் என்றும் பொருள் இருக்கிறது என்றேன். “அது தெரியாமலா? எங்க சித்தப்பா ரேஸ் குதிரைக்குப் புல்லு போட்டவருப்பா. அந்த ஸ்டேபிளுக்குள்ள போனா, எந்தக் குதிரைக்கு என்ன நோவுன்னு தெளிவா சொல்லுவார்” என்று சிரித்தார்.

பின்னொரு நாள், நிமோனியாவில் கிடந்த ஒரு லாரி ஓட்டுநரின் மகள் பையோடு மேசைக்கு வந்தாள். “அஞ்சு நாளா இதே வார்த்தைதான். ஏதோ மறைக்கிறீங்க. அப்பாவைக் கூட்டிட்டுப் போறோம், வீட்டுலயாவது நிம்மதியா போகட்டும்” என்றாள். கையெழுத்துப் போட அவள் அண்ணன் தயாராக நின்றான். அக்கா உள்ளே போய் மருத்துவரிடம் விவரம் கேட்டு வந்து, அவளருகே உட்கார்ந்தார். “திங்கக்கிழமை மெஷின் மூச்சு விட்டுச்சு, அதுல ஸ்டேபிள். இன்னைக்கு உங்கப்பாவே மூச்சு விடறார், அதுல ஸ்டேபிள். வார்த்தை ஒண்ணுதான்மா. அவர் நிக்கிற படி வேற.” அந்தப் பெண் நெடுநேரம் அழுதாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து அந்த ஓட்டுநர் கைத்தடியோடு மேசைக்கு நடந்து வந்தார். தொண்டை கரகரத்தது. “இப்ப எந்தப் படிம்மா?”

“வாசப்படி. கெளம்புங்க” என்றார் அக்கா.

சென்ற மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இதயம் பலவீனமாகிவிட்டதை இருவருமே அறிந்திருந்தோம். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு, “மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு நடந்தே போனேன். இப்படி ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் உனக்குப் புரியும்” என்றார்.

நான் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும் ‘ஸ்டேபிள்’ என்ற அந்தச் சொல் வரும். சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்களிடம் அனுமதி வாங்கி, அதன் கீழே ஒரு வரியைத் தமிழிலோ கன்னடத்திலோ சேர்க்க வைத்தவர் அக்காதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரி. நேற்று ஓர் அறிக்கையில் எழுதினேன்: ‘ஆபத்து நீங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம், பத்து நாள் கனம் தூக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வரவும்.’ அதை வாங்கிய பெண், கணவனின் சக்கர நாற்காலி அருகே நின்று விரல் வைத்துப் படித்தாள். “உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க” என்றாள். என்னிடம் எதுவும் கேட்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.